தலைவர் வாசித்த அறுபத்தொரு பெயர்கள்

சேசு மரி சூசை
பிராண்டே, டென்மார்க், 18 தை 2009

அன்புள்ள அண்ணைக்கு,

மார்கழியில் நத்தார்த் திருநாளுக்கு மறுநாள் நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே டெலிபோனை வைத்துவிட்டேன். வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்குக் கேட்கவில்லை. இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால், "தங்கச்சி இறங்கி வந்திட்டாள்" என்று சிரிப்பீர்கள் என்று தெரியும்.

இனிக் கடிதம்தான். டெலிபோனில் உங்களுக்கு எப்போதும் யாரோ கதவைத் தட்டுவார்கள். கடிதத்துக்கு நடுவில் ஒருவரும் தட்ட மாட்டார்கள்.

என்னிடம் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி இருப்பது உங்களுக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் "1986 ஐப்பசி: அண்ணை லீட்ஸ் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கத் தொடங்கினார்" என்று இருக்கிறது. பிறகு 1991, சலவைக்கூடத்துப் போராட்டம். 1994, கிளைச் செயலாளர். 1998, மத்திய குழு. 2006, சங்கத் தலைவர். நீங்கள் மாதாமாதம் அனுப்பும் சங்கப் பத்திரிகையில் உங்கள் படம் வந்தால் வெட்டி ஒட்டிவிடுவேன். அகராதியை மடியில் வைத்து அந்தப் பத்திரிகையை வாசித்துத்தான் நான் இங்கிலீஷ் பழகினேன். "பொதுச்செயலாளர்" என்று தலைப்பு மட்டும் எழுதி ஒரு பக்கத்தை 1998இலேயே வெறுமையாக விட்டுவிட்டேன். உங்கள் சங்கத்தில் தலைவருக்கும் மேலான அந்தப் பதவிக்கு இந்த ஆனியில் தேர்தல். அதற்காக ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

1991இல் அந்தச் சலவைக் கொம்பனி ஏழு பெண்களை வேலையால் நிற்பாட்டியபோது, பதினொரு கிழமை வாசலில் நின்று காலைதோறும் அவர்களுடைய பெயரைக் கூப்பிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிப்பது போல. கூப்பிட்ட பெண் "இங்கே" என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வராவிட்டால் நின்ற எல்லோரும் அவளுக்காகச் சொல்வார்கள். அந்த ஏழு பேரையும் கடைசியில் திரும்ப எடுத்தார்கள். பிராண்டேயில் இந்தக் கதையை நான் சொல்லாத வீடில்லை.

அதே வாயால் நீங்கள் நத்தாருக்கு மறுநாள் என்ன சொன்னீர்கள்? "சங்கம் வேறை, எங்கடை பிரச்சினை வேறை." சித்தப்பா பஸ்தியாம்பிள்ளையிடமிருந்து மார்கழி 29க்குப் பிறகு செய்தி இல்லை. வன்னியில் ஷெல்லடிக்குள் அவர் எந்தத் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருக்கிறாரோ தெரியாது. பங்குனிக் கடைசியில் உங்கள் மாநாடு. அறுநூறு பேராளர்கள், எல்லாரும் வெள்ளைக்காரரும் கறுத்தவர்களும். அந்த மேடையில் இருக்கப்போவது என் அண்ணை. ஏழு பேருக்காகத் திறந்த வாய்.

இவர் சுகம். காற்றாலைக்கு இறக்கை செய்யும் இடத்தில் இப்போது காலை முறை. பிள்ளை அஜந்தினிக்கு ஜிம்னாசியத்தில், அதுதான் இங்கத்தை மேல்வகுப்புப் பள்ளிக்கூடத்தில், சோதனை.

அன்புடன்,
மரியநாயகி


லீட்ஸ், 2 மாசி 2009

அன்பின் நாயகி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கொப்பி விசயம் கேட்டுச் சந்தோசம். கொஞ்சம் பயமும் வந்தது. ஒரு பொலிஸ்காரனும் என்னைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்க மாட்டான்.

பதிலை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, நான் மாநாட்டுக்குத் தலைவர். தலைமைக் கதிரையில் இருப்பவன் எந்தத் தீர்மானத்தைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. மணியை அடிக்கலாம், நேரம் முடிந்தது என்று சொல்லலாம். அவ்வளவுதான். என் உயிர்ச் சிநேகிதன் பேசினாலும் ஐந்தாம் நிமிடம் மணி அடித்திருக்கிறேன்.

இரண்டாவது, தீர்மானங்கள் கிளைகளிலிருந்து வர வேண்டும். கடைசித் திகதி மார்கழியோடு போய்விட்டது.

மூன்றாவது கொஞ்சம் கசப்பு. என்னை எதிர்த்துப் பொதுச்செயலாளருக்கு நிற்பவர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய ஆட்கள் எல்லா இடமும் ஒரு கதையைத்தான் சொல்லுகிறார்கள். "யோசேப் வந்தால் சங்கம் தமிழருடைய சங்கமாகிவிடும்." இருபத்திரண்டு வருசம் அந்தக் கதைக்கு இடம் கொடுக்காமல் நடந்திருக்கிறேன். ஜமேக்காக்காரிக்கும் போலந்துக்காரனுக்கும் கிளாஸ்கோ சமையற்கூடத்துக்கும் நான் ஒரே ஆள். அதனால்தான் நம்புகிறார்கள்.

லண்டனில் பாராளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லித் தமிழர் கூடிய இடத்தில், சனிக்கிழமை போய் நின்றேன். சங்கத் தலைவராக இல்லை, சால்வை சுத்திக்கொண்டு ஓர் ஓரமாக. அதையும் கொப்பியில் எழுதிக்கொள்.

சித்தப்பாவைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதே. எங்கள் ஊர் பேசாலையில் என்னை முதல் முதல் கடலில் தூக்கிப் போட்டவர் அவர். நீந்தத் தெரியாமல் கத்தினேன். "கத்திற நேரத்துக்குக் கையை அடி" என்று வள்ளத்தில் இருந்து சிரித்தார்.

என்னால் ஏலாது, நாயகி. கோபிக்காதே.

அண்ணன்,
யோசேப்


சேசு மரி சூசை
பிராண்டே, 22 மாசி 2009

அண்ணைக்கு,

சால்வை சுத்திக்கொண்டு ஓரமாக நின்றீர்கள் என்பதை எழுதவில்லை. அது அந்தக் கொப்பிக்குரிய விசயமில்லை.

நானும் கொப்பன்ஹேகனுக்குப் போய் நின்றேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீதிக் கமலாதேவிதான் ஏற்றிக்கொண்டு போனா. அவ சைவம், ஆனாலும் மாதாவுக்கு நேர்த்தி வைப்பா. அவவுடைய தம்பி இரத்தினசிங்கம் வன்னிக்குள்ளே அகப்பட்டிருக்கிறான். பெரிய பாலத்தைக் கடந்தோம். பிறகு, "அக்கா, உங்கடை அண்ணை பெரிய ஆளெல்லே, அவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றா. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தரம் உங்களைப் பற்றிக் கேட்டதற்கு வெட்கப்பட்டேன்.

அந்த வெட்கம்தான் என்னை அலுமாரிக்கு அனுப்பியது. 1998இல் மத்திய குழுவுக்கு வந்த புழுகத்தில் உங்கள் சங்க விதிப் புத்தகம் ஒன்று அனுப்பினீர்கள். "வீட்டில் காட்டி வை" என்று எழுதியிருந்தீர்கள். செபப் புத்தகங்களோடுதான் அது பதினொரு வருசமும் இருந்தது. பத்து நாள், சமையல் முடித்த பிறகு, அகராதியோடு முழுவதையும் வாசித்தேன். விளங்காத இடத்தை அஜந்தினியிடம் கேட்டேன். அவள் டெனிஷில், "அம்மா, நீ வக்கீலுக்குப் படிக்கிறாயா?" என்றாள்.

விதி 23, நான்காம் பந்தி. அவசரத் தீர்மானத்தை இரண்டு கிளைகள் சேர்ந்து மாநாடு தொடங்குவதற்கு முதல்நாள் வரை கொடுக்கலாம். விதி 26, இரண்டாம் பந்தி. தலைவர் பேச விரும்பினால் துணைத்தலைவரிடம் கதிரையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் பேசலாம். அன்றைக்கு மட்டும் திரும்ப ஏற முடியாது.

அன்றைக்கு மட்டும், அண்ணை. நான் பிழையாக வாசித்திருந்தால் திருத்துங்கள்.

மரியநாயகி


லீட்ஸ், 9 பங்குனி 2009

அன்பின் நாயகி,

நீ பிழையாக வாசிக்கவில்லை.

உன் கடிதத்தை எங்கள் அலுவலகத்தில் சட்டம் பார்க்கும் பெடியனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "இந்த அம்மா எந்தக் கிளை?" என்று கேட்டான். டென்மார்க்கில் சமையலறைக்குள்ளே ஒரு குசினிக் கிளை இருக்கிறது, உறுப்பினர் ஒருவர், சந்தா ஒழுங்காகக் கட்டுவார், தலைவர் சொன்னால் கேட்க மாட்டார் என்றேன்.

அந்த இரண்டு விதியும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உனக்கு அப்படி எழுதினேன். நான் சொன்ன முதலாவதும் இரண்டாவதும் சும்மா. மூன்றாவதுதான் உண்மை. எனக்கு அந்தப் பதவி வேண்டும். தரை துடைக்கிறபோது மேற்பார்வையாளன் என் பெயரைச் சொல்லாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவான். அன்றைக்கே நினைத்துவிட்டேன், இந்த நாட்டில் ஒரு நாளைக்கு என் பெயரை முழுவதாகச் சொல்ல வைப்பேன் என்று. அதை இழக்கப் பயந்தேன். இதை என் மனுசிக்கும் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

லீட்ஸ் கிளையும் கிளாஸ்கோ கிளையும் அவசரத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கிளாஸ்கோவை நான் கேட்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். செவ்வாய் 31ஆம் திகதி, ஸ்காபரோ மாநாட்டில். நான் இறங்குகிறேன்.

ஒன்று மட்டும் செய்து தா. அறிக்கை வாசித்தால் அறுநூறு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். எனக்குப் பெயர்கள் வேண்டும். வாசலில் ஏழு பெயர் வைத்து வென்றவன் நான், வேறு வித்தை எனக்குத் தெரியாது. உங்கள் பக்கம் யார் யாரை இழந்தார்கள் என்று நீ எங்காவது எழுதித்தான் வைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

யோசேப்


சேசு மரி சூசை
பிராண்டே, 19 பங்குனி 2009
சூசையப்பர் திருநாள்

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பெயர் கொண்ட புனிதரின் திருநாளில் இதை எழுதுகிறேன். கடிதம் வந்த அன்றைக்கு இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன்னே வாசித்துக் காட்டினேன். இவர் அதிகம் கதைக்காதவர். "மச்சான் ஆம்பிளை" என்றார். பிறகு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

எழுதி வைத்திருக்கிறேன். ஹேர்னிங் கோவிலில் மாதம் ஒருமுறை எங்களுக்குத் தமிழ்ப் பூசை. தை மாதத்திலிருந்து பூசைக்கு வாசிக்கும் பெயர்களை எழுதும் பொறுப்பைப் பூசை வைக்கும் சுவாமி என்னிடம் தந்தார். பூசைக்கு முன் வாசலில் கொப்பியோடு நிற்பேன். பிராண்டே, வைலே, ஹேர்னிங் ஆட்கள் வந்து ஒவ்வொரு பெயராகச் சொல்வார்கள். சிலர் காதுக்குள்தான் சொல்வார்கள். கமலாதேவியும் இரத்தினசிங்கத்தின் பெயரைத் தந்தா. "எங்கடை பேரையும் உங்கடை சாமி கேட்கும்தானே" என்றா. ஓம் என்றேன்.

அறுபத்தொரு பெயர். பெயர், வயது, ஊர், கடைசியாகச் செய்தி வந்த நாள். எல்லாம் இரண்டு தரம் சரிபார்த்தேன். ஒரு தாய் மகனுடைய வயதைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று வைலேயிலிருந்து கார் பிடித்து வந்து திருத்திவிட்டுப் போனா. இங்கிலீஷ் எழுத்தில் அஜந்தினி எழுதினாள். அவளுக்கு ஒவ்வொரு பெயரையும் எப்படி உச்சரிப்பது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நாற்பதாவது பெயருக்கு மேல் என்னைக் கேட்காமலே எழுதினாள்.

கடைசிப் பெயர் சித்தப்பாவுடையது. அவரைக் கடைசியில் போட்டது, நீங்கள் இடையில் நிற்காமல் மற்ற அறுபதையும் வாசித்து முடிக்க வேண்டும் என்பதற்காக.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நான் ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடுதான். நன்றாகப் பேசுங்கள்.

மரியநாயகி


ஸ்காபரோ, 1 சித்திரை 2009

அன்பின் நாயகி,

ஹோட்டல் கடதாசியில் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே கடல், பேசாலைக் கடலின் பாதி உப்பும் இதில் இருக்காது.

நேற்றுக் காலை பதினொன்று பத்துக்கு மணியைத் துணைத்தலைவரின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். தலைவர் இறங்குவதை முப்பது வருசமாக ஒருவரும் பார்த்ததில்லை. மண்டபம் ஒரே குசுகுசுப்பு. ஐந்து நிமிடம்தான் எனக்கும். வாசலில் செய்தது போல் பெயர் கூப்பிடப்போகிறேன், ஆனால் இன்றைக்கு ஒருவரும் பதில் சொல்ல வேண்டாம், இவர்கள் இனிப் பதில் சொல்ல மாட்டார்கள் என்றேன். தொடங்கினேன்.

பத்தாவது பெயரில் முன் வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். யாரென்று நினைக்கிறாய்? ஜோய்ஸ். 1991இல் அந்த ஏழு பேரில் ஒருத்தி, இப்போது இளைப்பாறியவர்களின் பேராளர். இருபதாவது பெயரில் பாதி மண்டபம் நின்றது. முடிக்கும்போது எல்லோரும் எழும்பி நின்றார்கள், கதிரையில் இருந்தவர் ஒருவரும் இல்லை. ஐந்தாம் நிமிடம் தாண்டிவிட்டது, துணைத்தலைவர் மணியைத் தொடவில்லை. சித்தப்பாவின் பெயரை, நீ நினைத்தபடியே, இரண்டு தரம் தொடங்கித்தான் வாசித்து முடித்தேன்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சங்கம் பிரதமருக்கு எழுதும். இறந்துபோன அறுபத்தொரு பேரின் பெயரும் அடுத்த பத்திரிகையில் முதல் பக்கத்தில் வரும். பேச்சின் வீடியோவை இணையத்திலும் போட்டுவிட்டார்கள்.

தேர்தலில் இது எனக்கு அடிதான் என்று சிநேகிதர்கள் சொல்கிறார்கள். அடித்தால் அடிக்கட்டும். இருபத்திரண்டு வருசத்தில் நேற்றுத்தான் நிமிர்ந்து நடந்தது போல இருக்கிறது.

கொப்பியில் எழுது.

யோசேப்


சேசு மரி சூசை
பிராண்டே, 10 சித்திரை 2009
பெரிய வெள்ளி

அண்ணை,

அவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் என்று நான் எழுதவில்லை.

உங்கள் கடிதம் வருமுன்னே அஜந்தினி இணையத்தில் கண்டுபிடித்து நாங்கள் மூவரும் பார்த்தோம். நீங்கள் இறங்கி வந்தபோது நான் எழும்பி நின்றேன், வீட்டுக்குள். அவ்வளவு பெருமை. பிறகு, "இவர்கள் இனிப் பதில் சொல்ல மாட்டார்கள்" என்று நீங்கள் சொன்ன வசனத்தை அஜந்தினி மொழிபெயர்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் கமலாதேவியின் மகனும் பார்த்துவிட்டான்.

அவ வந்தா. சப்பாத்தோடேயே உள்ளே வந்தா. "அக்கா, என்ரை தம்பி செத்திட்டான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டா. ஒருவரும் சொல்லவில்லை என்றேன். "அப்ப ஏன் அறுநூறு பேர் எழும்பி நிண்டவை?" என்றா. வந்த சப்பாத்தோடேயே திரும்பிப் போனா. மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. இவர் கொண்டுபோன சோற்றையும் திருப்பி அனுப்பிவிட்டா.

பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். பேசாலையில் திங்கட்கிழமைப் பூசையில் பெயர் வாசித்தால் அது இறந்தவர்களுக்கு. நீங்கள் அந்த நினைவோடு வாசித்தீர்கள். இங்கே இந்த வருசம் அப்படியில்லை. யார் இருக்கிறார், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாததால் எல்லோரையும் சேர்த்து வாசிக்கச் சுவாமி அனுமதித்தார். உங்களுக்கு அதை நான் எழுதியிருக்க வேண்டும். பால் போத்தலுக்கும் கோடு போட்டு எழுதுகிறவள் நான். அந்தக் கொப்பியில் மட்டும் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் கோடு போடவில்லை. ஒரு தாய் மகனின் பெயரைக் காதுக்குள் சொல்லும்போது, எந்தப் பக்கம் எழுதட்டும் என்று எப்படிக் கேட்பது?

ஒன்று மட்டும் கோபமாகவும் சொல்கிறேன். மாதத்தில் ஒருநாளாவது கோவிலுக்குப் போயிருந்தால், உயிரோடு இருப்பவர்களுக்கும் பூசை வைக்கிறது உங்களுக்கு நினைவிருந்திருக்கும்.

திருத்துங்கள், அண்ணை. பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள்.

மரியநாயகி


லீட்ஸ், 18 சித்திரை 2009

நாயகி,

கடிதம் கையில் கிடைத்த அன்றே அச்சை நிறுத்தினேன். இணையத்தில் இருந்ததையும் எடுத்தாயிற்று.

தேர்தலில் எனக்கு வேலை செய்யும் பிள்ளைகள் நேற்று இரண்டு மணித்தியாலம் என்னோடு வாதாடினார்கள். "ஐயா, இங்கே ஒருவருக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது. சும்மா விட்டால் யாருக்கும் விளங்காது. திருத்தினால் ஆனியில் தோல்வி நிச்சயம். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் என்று சொன்ன தலைவர் என்று நோட்டீஸ் அடிப்பார்கள்" என்றார்கள். அவர்கள் சொல்வது முழுவதும் சரி.

சலவைக் கொம்பனி வாசலில் ஐந்தாம் கிழமை ஒரு பிழை விட்டேன். அந்த ஏழு பேருக்குப் புறம்பாக, முன்பே வேறு வேலைக்குப் போய்விட்ட ஒருத்தியின் பெயரையும் கூப்பிட்டேன். ஜோய்ஸ் என் காதைத் திருகாத குறை. "அவள் போய்விட்டாள் என்று நீயே சொல்லு. அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் எங்கள் எல்லோருடைய பெயரும் பொய்யாகிவிடும்" என்றாள்.

என் பெயரிலேயே எழுதிவிட்டேன். பத்திரிகை முதல் பக்கத்தில் வருகிறது. "நான் பிழை விட்டேன், பட்டியல் தந்தவர்கள் பிழை விடவில்லை" என்றுதான் இருக்கிறது. உன் கொப்பியில் ஒரு எழுத்தும் பிழையில்லை, அதை வாசிக்கத் தெரியாதவன் நான். கோவிலைப் பற்றிச் சொன்னதும் சரி.

கமலாதேவிக்கு இத்தோடு தனிக் கடிதம் வைத்திருக்கிறேன். கையில் கொடு. வாங்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வா.

யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியவந்தால் எனக்கு எழுது. எவ்வளவு நாள் போனாலும்.

யோசேப்


சேசு மரி சூசை
பிராண்டே, 7 ஆனி 2009

அன்புள்ள அண்ணைக்கு,

வைகாசி 18க்குப் பிறகு எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழும்பிவிட்டேன். போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்றைக்கு இவர் வேலைக்குப் போகவில்லை. இருபது வருசத்தில் முதல் தடவை.

பிறகு, வன்னியிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்த முகாம்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தி வரத் தொடங்கியது. நான் வீடு வீடாகப் போனேன், தூர இடங்களுக்கு டெலிபோன் எடுத்தேன். இப்போது கோடு போட்டிருக்கிறேன். ஒன்றல்ல, இரண்டு. பத்தொன்பது பேர் முகாம்களில் உயிரோடு இருக்கிறார்கள். இருபத்துநான்கு பேர் இல்லை. பதினெட்டுப் பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சித்தப்பா இல்லை. பங்குனி 11ஆம் திகதி மாத்தளனில். கூட இருந்த பேசாலை ஆள் முகாமிலிருந்து சொன்னார். அவருடைய பெயரை நீங்கள் வாசித்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பூசை கொடுத்துவிட்டேன்.

இரத்தினசிங்கம் அந்தப் பதினெட்டில் இருக்கிறான். உங்கள் கடிதத்தைக் கமலாதேவி வாங்கினா. என் முன்னால் பிரிக்கவில்லை. ஆனால் போன சனிக்கிழமை வைலேக்குப் பெயர் கேட்கப் போக வேண்டியிருந்தபோது, நான் கேளாமலே காரைக் கொண்டுவந்து வாசலில் நிற்பாட்டினா. "ஏறுங்கோ" என்றா. அவ்வளவுதான்.

பத்தொன்பது பேரின் பெயரும் இத்தோடு இருக்கிறது. முகாம்களிலிருந்து வந்த செய்தியை ஒவ்வொன்றாக இருவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

மரியநாயகி


லீட்ஸ், 28 ஆனி 2009

அன்பின் நாயகி,

தோற்றுவிட்டேன். எழுபத்தோராயிரம் வாக்கில் ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தால். வென்றவரின் கையைக் குலுக்கினேன். நல்ல மனிதர் என்று முன்னமே எழுதினேன், இப்போதும் அதையே சொல்கிறேன். தை மாதத்தோடு தலைவர் பதவியும் முடிகிறது. பிறகு என் பழைய கிளைக்கு, அந்தத் தரைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசைக்கு.

நோட்டீஸ் அடித்தார்கள். பிள்ளைகள் சொன்ன அதே வசனம், ஒரு சொல் மாறவில்லை.

ஆனால் நீ கொப்பியில் எழுத வேண்டியது இது. 13ஆம் திகதி மன்செஸ்டரில் வேட்பாளர்கள் எல்லோரும் பேசும் கூட்டம். வாக்களிக்க முன் கடைசிக் கூட்டம். ஆளுக்கு ஏழு நிமிடம். என் பிள்ளைகள் சம்பளம், ஓய்வூதியம் என்று அழகாக ஒரு பேச்சு எழுதித் தந்திருந்தார்கள். உன் கடிதம் 11ஆம் திகதி வந்திருந்தது.

பேச்சைச் சட்டைப் பையில் வைத்தேன். "பங்குனியில் நான் உங்களை எழுப்பி வைத்தேன், ஒரு பிழையோடு. அதில் பத்தொன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். நான் வாசலில் பழகிய மாதிரி அவர்களைக் கூப்பிடப்போகிறேன். அவர்கள் முள்ளுக்கம்பிக்குள் இருக்கிறார்கள், இங்கே வர முடியாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முதல் பெயரைக் கூப்பிட்டேன்.

 பிறகு பின்னாலிருந்து ஜோய்ஸ். அந்தக் குரலை நான் பதினெட்டு வருசமாகக் கேட்கவில்லை. "இங்கே."

இரண்டாவது பெயருக்கு ஏழெட்டுப் பேர். ஐந்தாவதுக்குக் கிளாஸ்கோக்காரர் முழுவதும். பத்தொன்பதாவதுக்கு என்னை எதிர்த்து நின்றவரும் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். உச்சரிக்கத் தெரியாத பெயர்களுக்கு, நாயகி. "இங்கே" என்று.

ஏழு நிமிடமும் முடிந்துவிட்டது. சம்பளம் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த ஆயிரத்து நூறு வாக்கும் அங்கேதான் போயிருக்கும். போகட்டும்.

விரலைச் சொடுக்கியவனை நான் இப்போது நினைப்பதில்லை.

யோசேப்


சேசு மரி சூசை
பிராண்டே, 12 ஆடி 2009

அன்புள்ள அண்ணைக்கு,

இன்றைக்குத் தமிழ்ப் பூசை. போகுமுன் உங்கள் கடிதத்தைக் கமலாதேவியின் குசினியில் வைத்து வாசித்துக் காட்டினேன். அஜந்தினியும் வந்தாள். மன்செஸ்டர் இடம் வந்தபோது, வழமையில் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, தமிழில், "மாமா வெண்டிட்டார்தானே?" என்று கேட்டாள். தோற்றுவிட்டார் என்றேன். தலையை ஆட்டினாள், நான் சொன்னதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

கமலாதேவி கேத்திலை வைத்துவிட்டு அங்கேயே நின்றா. "பத்தொன்பது பேரையோ கூப்பிட்டவர்?" என்று கேட்டா. ஓம் என்றேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "கொப்பியைத் தாங்கோ" என்றா.

எந்தக் கொப்பி என்று நான் கேட்கவில்லை. சிவப்பு மட்டையைக் கையோடு கொண்டுதான் போயிருந்தேன், உங்கள் செய்தியை எழுதுவதற்காக. பதினொரு வருசமாக வெறுமையாக இருந்த அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தலைப்பை நான் அழிக்கவில்லை, "பொதுச்செயலாளர்" என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே காலையில் நான் எழுதியது இது: "2009 ஆனி 13, மன்செஸ்டர். அண்ணை கூப்பிட்டார். எல்லோரும் பதில் சொன்னார்கள்." அதற்குக் கீழே பத்தொன்பது பெயர்.

அவ அதை மெல்ல வாசித்தா. பிறகு என் பேனையை வாங்கி, இருபது என்று இலக்கமிட்டு, "இரத்தினசிங்கம்" என்று தன் கையெழுத்தில் எழுதினா. அவன் அந்தப் பதினெட்டில் இருக்கிறான், செய்தி இன்னும் இல்லை. நான் எல்லாவற்றையும் இருவரிடம் கேட்டு எழுதுகிறவள். இந்தப் பெயரை ஒருவரிடமும் கேட்கவில்லை.

கோவிலில் பெயர் வாசித்தபோது அவ என் பக்கத்திலேயே நின்றா. தம்பியின் பெயர் வந்ததும் நெஞ்சில் கை வைத்து, சத்தமாக, "இங்கே" என்றா. சுவாமி வாசிப்பதை நிறுத்திப் பார்த்தார். பின் வரிசை வாங்கில் இருந்த இவர், அதிகம் கதைக்காதவர் என்று எழுதியிருந்தேனே, இவரும் சொன்னார். பிறகு அஜந்தினி. பிறகு வைலேயிலிருந்து வந்த அந்தத் தாய்.

புரட்டாதியில் வாருங்கள். கமலாதேவி பில்லுண்ட் விமான நிலையத்திலிருந்து உங்களை ஏற்றிக்கொண்டு வருவா. தானே கேட்டா.

உங்கள் தங்கச்சி,
மரியநாயகி
குசினிக் கிளை, பிராண்டே